காரின் நாடி

சென்ற மாரியில் ஓரிரவு, நெஞ்சு நோவால் துடித்த என் தமக்கையாரை ஏற்றிக்கொண்டு வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் விரைந்தேன். பண்ணைத் தாம்போதியில் மாடுகள் குறுக்கிட்டன. வேகமிதியினின்றும் காலை எடுத்தேன். இயந்திரம் இருமுறை விம்மி அடங்கிவிட்டது. இருமருங்கும் கடல். "தம்பி, இறங்கி நடப்பமோ?" என்றார் அக்கா. அவரால் நடக்க இயலாதென்பதை இருவரும் அறிவோம். நான்காம் முறை திறப்பைத் திருப்பியபோதே அது உயிர்த்தது. அதன்பின் ஆசுபத்திரி வாயில்வரை மிதியினின்றும் காலை எடுத்திலேன்.

அக்கா பிழைத்தார். காரின் நோய்தான் தீர்ந்தபாடில்லை.

1990களில் யப்பானிற் செய்யப்பெற்ற கார் அது. காபரேற்றர் இல்லை, கணினியே எரிபொருளை அளந்து பீய்ச்சும். மிதியைத் தொடாதபோதும் இயந்திரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 முதல் 800 சுற்றுச் சுழன்றுகொண்டிருத்தல் வேண்டும். இதனை மெக்கானிக்குகள் 'ஐடில்' என்பர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குச் சோம்பல் என்றும் பொருளுண்டு. பெயரிட்டவர் இயந்திரத்தின் பாட்டை அறியார் போலும்! சிறிதளவு காற்றையும் எரிபொருளையும் கொண்டு தன்னைத் தானே தாங்கி நிற்கும் வேளை அது. விரைந்தோடுகையில் மறைந்திருக்கும் சிறு குறையும் அப்போது வெளிப்பட்டுவிடும்.

பட்டணத்துக் கராச் ஒன்றில் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வை மாற்றினர், பின்னர் பிளக்குகளை, பின்னர் பெற்றோல் பம்பை. ஒரு மாதச் சம்பளம் கரைந்தது. விம்மல் மாறவில்லை.

ஈற்றில் ஊர்காவற்றுறையில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் போனேன். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலால் ஒஸ்ரினையும் மொறிசையும் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடவிட்ட தலைமுறையினர் அவர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரம் அதில் நிலைகொள்ள மறுக்கும். காபரேற்றரின் திருகாணியைக் கையாலும் அதன் விளைவைச் செவியாலும் அறிந்து அதனை வசப்படுத்தினர். இவ்வண்டியிலோ எந்தத் திருகாணியையும் தொட அவர் உடன்படவில்லை.

"மாஸ்டர், இதில கணினி பிழையை மூடி மூடி ஓட்டும். முதல்ல காத்து எங்கால கள்ளமாப் போகுதெண்டு பாப்பம்."

இயந்திரத்தை ஓடவிட்டு, இறப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாகக் குறட்டினால் மெல்ல நெரித்தார். நான்காவதை நெரித்ததும் விம்மல் நின்றது! கழற்றி வளைத்தபோதுதான் வெடிப்புத் தெரிந்தது. அதன்வழி அளவுக்குட்படாத காற்று புகுந்திருக்கின்றது. அத்துடன் அவர் அமைந்தாரல்லர். காற்று நுழையும் தொண்டையைத் துடைத்தார். விளக்குக் கரிபோல் அழுக்கு வந்தது. எர்த் கம்பியின் முனையில் எம் தீவகத்து உவர்க்காற்றேறிய துருவை உரஞ்சினார். நீரின் வெப்பத்தை அறிவிக்கும் உணரியையும் சோதித்தார். அது பழுதானால் சுட்ட இயந்திரத்தையும் குளிர்ந்ததென்றெண்ணிக் கணினி எரிபொருளை மிகையாக வார்க்குமாம். அது நன்றாகவே இருந்தது.

புதுக் குழாய்த்துண்டின் விலை, என் மாணாக்கர் வாங்கும் கொப்பியொன்றின் விலை. பற்றரியைச் சற்றுநேரம் கழற்றிவைத்தார். கணினி பழகிய பழைய கணக்கை மறக்கவேண்டுமாம்.

மறுவாரம் அக்காவைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். தாம்போதியில் மீண்டும் மாடுகள். காலை எடுத்துக் காத்திருந்தேன்.

"ஏன் தம்பி, காரை நூத்துப்போட்டியோ?" என்றார் அக்கா, கதவைப் பற்றிக்கொண்டு.

"இல்லையக்கா, ஓடிக்கொண்டுதான் நிக்குது."