அனுமதி மறுக்கப்பட்டாலும் பொறுப்பு நீங்குவதில்லை

வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் பெண்களைப் பற்றிப் பேசும்போது சம்பளம் எவ்வளவு, விமானச்சீட்டு எப்போது, முகவர் யார் என்பவற்றையே நாம் பெரிதும் விசாரிக்கின்றோம். “போன இடத்தில் தொழில் அனுமதிப்பத்திரம் மறுக்கப்பட்டால் என்ன செய்வது?” என்று கேட்போர் மிகக் குறைவு. அப்படி ஒரு நிலை வரும்போது, நகையை அடகு வைத்து வீட்டை விட்டுச் சென்ற பெண் சில வாரங்களிலேயே கடனோடு திரும்பி வருகிறாள். ஊரார் அவளைக் குற்றவாளியைப் போல நோக்குகின்றனர்.

உண்மையில் அனுமதி மறுக்கப்பட்ட வேளையில் தொழில்தருநருக்கெனச் சில சட்டக் கடமைகள் உள்ளன. அவருடைய கடமை எதுவோ அதுவே அப்பெண்ணின் உரிமை. எமது பெண்கள் பலர் வீட்டுப் பணிக்காகச் செல்லும் சிங்கப்பூரின் நடைமுறையை உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

புறப்படும் முன்னரே மறுக்கப்பட்டால்

வீட்டுப் பணிப்பெண்ணுக்கான விண்ணப்பத்தைத் தொழில்தருநர் அல்லது அவரது முகவர் அந்நாட்டின் மனிதவள அமைச்சிடம் சமர்ப்பிக்க வேண்டும். முதன்முறையாகச் செல்பவர் 23 முதல் 50 வயதுக்கு உட்பட்டவராகவும், குறைந்தது 8 ஆண்டுகள் பாடசாலைக் கல்வி பெற்றவராகவும் இருத்தல் அவசியம். இவை பொருந்தாவிடின் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். தொழில்தருநரின் தகுதிக் குறைவாலும் நிராகரிக்கப்படுவதுண்டு. வருமானம் போதாதவர், வங்குரோத்து அடைந்தவர், முதன்முறையாகப் பணிப்பெண்ணை அமர்த்துவோருக்கான அறிமுக வகுப்பில் கலந்து கொள்ளாதவர் ஆகியோருக்கு இந்நிலை ஏற்படலாம்.

ஆகவே தொழில்தருநர் முதலில் மறுப்புக்கான காரணத்தை அறிய வேண்டும். குறையைத் திருத்தி மேன்முறையீடு செய்ய வழியுண்டு. “முதலில் சுற்றுலா விசாவில் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒருபோதும் அழைக்கக் கூடாது. அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டவரை வேலைக்கு அமர்த்துபவருக்கு 5,000 முதல் 30,000 சிங்கப்பூர் டொலர் வரை அபராதமோ, 12 மாதங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலை செய்த பெண்ணும் தண்டனைக்குரியவளே.

வயதையும் கல்வியையும் பொய்யாகக் காட்டுவதும் பாரதூரமான குற்றமாகும். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்ட மூதூர் றிஸானா நபீக், 2013 ஜனவரியில் அங்கு மரண தண்டனைக்கு உள்ளானதை நாம் மறந்துவிடலாகாது. பொய்யான ஓர் ஆவணம் ஆபத்து வேளையில் யாரையும் காப்பதில்லை.

போய்ச் சேர்ந்த பின் மறுக்கப்பட்டால்

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் கொள்கையளவிலான அனுமதிக் கடிதமே முதலில் கிடைக்கும். இது இறுதி அனுமதி அல்ல. அங்கு சென்று இரு வாரங்களுக்குள் வைத்தியப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோய், எச்.ஐ.வி., சிபிலிஸ், மலேரியா ஆகியவை பரிசோதிக்கப்படுகின்றன. இதில் தகுதியற்றவர் என முடிவானால் அனுமதிப்பத்திரம் வழங்கப்படாது. அவள் நாடு திரும்ப வேண்டியதே.

இங்கேதான் தொழில்தருநரின் கடமைகள் தொடங்குகின்றன:

• அவள் நாடு திரும்பும் வரை உணவு, தங்குமிடம், மருத்துவச் செலவு ஆகியவற்றை அவரே ஏற்க வேண்டும். “நீ இனி என் பொறுப்பல்ல” என்று வாசலுக்கு வெளியே விட முடியாது.

• திரும்பும் விமானச்சீட்டும் அவருடைய செலவே. அதை அவளது சம்பளத்தில் கழிக்கவோ, அவளது குடும்பத்தாரிடம் கேட்கவோ கூடாது.

• செலுத்த வேண்டிய சம்பளம் முழுவதையும் அனுப்புவதற்கு முன்னரே கொடுத்துத் தீர்க்க வேண்டும். சில நாட்களே வேலை செய்திருந்தாலும் அது அவளது உழைப்பின் கூலி.

• கடவுச்சீட்டு அவளுடையது. அதைப் பிடித்து வைப்பது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம்.

தொழில்தருநர் ஏற்கனவே 5,000 டொலர் பிணையொன்றை அரசுக்கு வழங்கியிருப்பார். அவளை உரிய முறையில் நாட்டுக்கு அனுப்பாவிடின் இப்பணம் பறிமுதலாகலாம். எனவே கடமையைச் சரிவரச் செய்வது அவருக்கும் நன்மையே.

சட்டம் சொல்லாத ஒரு கடமையும் உண்டு. நோய் என்னவென்பதை அவளுக்கு விளங்கும் மொழியில், தனியாக, அமைதியாகச் சொல்ல வேண்டும். மருத்துவ அறிக்கையின் பிரதியை அவள் கையில் கொடுக்க வேண்டும். அயலவருக்கும் முகவரின் அலுவலகத்துக்கும் அதைப் பரப்புவது பெரும் அநீதி. காசநோய் குணப்படுத்தக்கூடியது. எமது நாட்டில் அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அதற்கு இலவசச் சிகிச்சை கிடைக்கிறது. எச்.ஐ.வி.க்கும் அரச சிகிச்சை நிலையங்களில் இலவசமாக மருந்து வழங்கப்படுகிறது. கையில் அறிக்கை இருந்தால், ஊர் திரும்பியவுடன் சிகிச்சையைத் தொடங்கலாம்.

வேலை செய்துகொண்டிருக்கையில் இரத்தானால்

ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனை நடைபெறும். அதில் ஏற்படும் சிக்கலாலோ, அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படாமையாலோ வேலை முடிவுறலாம். அப்போதும் மேற்கூறிய கடமைகள் அனைத்தும் பொருந்தும். சம்பளத்தில் பிணக்கு இருந்தால், அவசரமாக விமானமேற்றி அனுப்பிவிடுவது தீர்வாகாது. அவள் மனிதவள அமைச்சிடம் முறையிடலாம். இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தின் உதவியையும் நாடலாம்.

முகவர் கட்டணம் பற்றியும் அறிந்திருத்தல் நன்று. சிங்கப்பூர் முகவர் ஒருவர் பணிப்பெண்ணிடம், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்தையே அறவிடலாம். முதல் ஆறு மாதங்களுக்குள் தொழில்தருநர் ஒப்பந்தத்தை முறித்தால், அதில் குறைந்தது பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சகோதரிகளே, நீங்கள் செய்ய வேண்டியது

கொள்கையளவிலான அனுமதிக் கடிதத்தைப் புறப்படும் முன்னரே கேட்டுப் பெறுங்கள். அதில் உங்கள் சம்பளம் எழுதப்பட்டிருக்கும். வாசிக்கத் தெரியாவிடின் பிள்ளைகளைக் கொண்டாவது வாசிப்பியுங்கள். அதன் பிரதியையும் ஒப்பந்தப் பிரதியையும் வீட்டிலே வைத்துவிட்டுச் செல்லுங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் புறப்படாதீர்கள். இயன்றால், கடன் வாங்குவதற்கு முன்னர் இங்கேயே ஒரு முழுமையான வைத்தியப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கு போய்த் தெரியவரும் நோயை இங்கேயே அறிந்துகொண்டால் கடனும் மிஞ்சாது, கண்ணீரும் மிஞ்சாது.

குடும்பத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. இடைநடுவில் திரும்பி வரும் பெண்ணிடம் “என்ன தப்புச் செய்தாய்?” என்று கேட்காதீர்கள். “சம்பளத்தைத் தந்தார்களா? டிக்கற் காசு யார் கொடுத்தது? அறிக்கை தந்தார்களா?” என்று கேளுங்கள். இம்மூன்றில் ஒன்று கிடைக்காமற் போயிருந்தாலும், அழுது ஓயாமல் பணியகத்துக்குச் சென்று முறைப்பாடு செய்ய அவளுக்குத் துணையாக நில்லுங்கள்.