மழை விட்டதும் தொட்டியைக் கவனி

சிங்கப்பூரில் குளிர்காலம் கிடையாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். தமிழ்நாட்டில் தைப்பட்டத்துக்கு விதை எடுக்கும் நாட்களில், இங்கே தோட்டம் வைத்திருப்போர் கேட்பது ஒரே கேள்விதான்: மழை விட்டதா?

வடகிழக்குப் பருவமழை டிசம்பர், ஜனவரியில் கொட்டித் தீர்த்துவிட்டு, பிப்ரவரியில் ஓயும். அதற்குள் தொட்டி மண்ணின் தழைச்சத்து கரைந்து போயிருக்கும். கீரை வெளிறி நிற்கும். மேல்மண்ணைக் கிளறி, இரண்டு கை மக்கு உரம் போட்ட பிறகு விதைப்பதே நல்லது. பஃபலோ ரோடு பக்கம் முன்பு மாட்டுப்பட்டிகள் இருந்தன, எருவுக்குப் பஞ்சமிருந்திருக்காது. இப்போது அது பையில் வருகிறது.

வெயிலையும் லேசாக எண்ணிவிடக் கூடாது. 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாட்கள், மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்யவில்லை.

இடம்? தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பூங்காக்களில் தனியாருக்கு வாடகைப் பாத்திகளும் உண்டு: நீளம் இரண்டரை மீட்டர், அகலம் ஒரு மீட்டர். அதுவும் கிடைக்காதவர்களுக்கு அடுக்குமாடித் தாழ்வாரம் இருக்கவே இருக்கிறது, ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டால்.

தேக்கா சந்தையில் கறிவேப்பிலை எப்போதும் கிடைக்கும். இருந்தாலும் வாசலில் ஒரு செடி இல்லாவிட்டால் பலருக்கு மனம் ஆறாது. அதன் கொழுந்தில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் துடைக்கப் போக வேண்டாம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். நாலு இலை தின்றுவிட்டுப் போகட்டும்.

உயர்மாடிகளில் தேனீ வருவது அரிது. வெண்டைக்கு அது பெரிய குறையல்ல. தன் பூவிலேயே காய்த்துவிடும். பூசணி அப்படியல்ல. ஆண்பூ வெறும் காம்பில் நிற்கும், பெண்பூவின் அடியில் குட்டிக் காய் தெரியும். காலையிலேயே ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே தடவ வேண்டும். நண்பகலுக்குள் பூ வாடிவிடும்.

வறட்சிக்குப் பயந்து ஊற்றும் தண்ணீர் தொட்டியின் அடித்தட்டில் தேங்கினால் ஒரே வாரத்தில் ஏடிஸ் கொசு பெருகும். அதிகாரிகள் பார்த்தால் அபராதம். தட்டை அன்றன்றே கவிழ்த்துவிடுங்கள்.