குலுக்கலில் கிடைக்கும் பள்ளி இடம்

சிங்கப்பூரில் உள்ள உறவினர்கள், "பிள்ளைக்குக் குலுக்கலில் இடம் விழவில்லை" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது என்ன குலுக்கல்?

அங்கே தொடக்கநிலை ஒன்றுக்குப் பதிவு பல கட்டங்களாக நடக்கிறது. முதலில், அதே பள்ளியில் அண்ணனோ அக்காளோ படிக்கும் பிள்ளைகளுக்கு இடம். பள்ளியோடு தொடர்பே இல்லாத பெற்றோர் மனுச் செய்வது 2சி கட்டத்தில். 2022 முதல் ஒவ்வொரு பள்ளியும் இக்கட்டத்திற்கு 40 இடங்களை ஒதுக்கி வைக்கிறது. மனுக்கள் மிகுந்தால் குடிமக்களுக்கு முன்னுரிமை. அவர்களிலும் 1 கிலோமீட்டருக்குள் குடியிருப்போர் முதலில். 2 கிலோமீட்டருக்குள் இருப்போர் அடுத்து. எந்த வரிசைக்கு இடம் போதவில்லையோ, அந்த வரிசைக்கு மட்டும் கணினிக் குலுக்கல். காலி இடங்களையும் மனுக்களின் எண்ணிக்கையையும் கல்வி அமைச்சு வெளியிடுகிறது. குலுக்கலில் விழாத குடிமக்களின் பிள்ளைக்கு, இடமுள்ள வேறு பள்ளி கிடைக்கும்.

இதில் நமக்கென்ன பாடம்? இடம் கிடைக்காதது வருத்தம். காரணம் தெரியாமற்போவது அதனினும் வருத்தம். ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் போகிறீர்கள். "இடம் இல்லை" என்ற ஒரே சொல்லோடு திரும்பாதீர்கள். எத்தனை இடம், எத்தனை மனு, எந்த வரிசை என்று பணிவாகக் கேளுங்கள். மனு பாரத்தின் நகலைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைக்காகக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.