சங்கர்லால் கற்றுத்தந்த தமிழ்

எமது இலக்கிய வரலாற்று நூல்களில் தமிழ்வாணனுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. மர்மக்கதை எழுதியவர் என்ற ஒரு வரியோடு அவரைக் கடந்துவிடுகிறோம். பிள்ளைகளைப் புத்தகத்தின் பக்கம் இழுத்துவந்த ஒருவரை இவ்வாறு ஒதுக்குவது முறைதானா என்பதே இன்று நாம் நோக்கவேண்டியது.

தேவகோட்டையிலே பிறந்த இவரது இயற்பெயர் இராமநாதன். சிறுவர்க்காக ‘அணில்’ இதழை நடத்தினார். ‘கத்தரிக்காய்’ என்ற வேடிக்கைத் துப்பறிவாளனைப் படைத்தார். பின்னர் ‘கல்கண்டு’ இதழின் ஆசிரியராகி, 1977 இல் மறையும்வரை அப்பணியில் இருந்தார். ‘துணிவே துணை’ என்பது அவரது தாரக மந்திரம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவரது அடையாளம்.

அவரது துப்பறிவாளர் சங்கர்லால் தேநீர்ப் பிரியர். ‘டோக்கியோ ரோஜா’, ‘பெர்லினில் சங்கர்லால்’ என அவர் உலகமெல்லாம் சுற்றினார். சுவீடனிலும் இத்தகைய ஒருவர் இருந்தார். ஓக்கே ஹோல்ம்பேர்க் என்ற ஆசிரியர் 1948 இல் தூரே ஸ்வென்டன் என்னும் துப்பறிவாளரைப் படைத்தார். அவருக்குப் பறக்கும் கம்பளம் உண்டு; பாலாடை வைத்த பணிஸ் என்றால் உயிர். அந்நாட்டினர் அவரைச் சிறுவர் இலக்கியத்தின் சொத்தாகவே போற்றுகின்றனர்.

தமிழ்வாணனிடம் நான் மதிப்பது அவரது மொழியை. வசனங்கள் குறுகியவை; பிறமொழிச் சொற்களை இயன்றவரை தவிர்த்தார். அக்காலத் தொடர்கதைகள் பலவற்றின் சென்னைப் பேச்சுவழக்கு நெடுந்தீவுப் பிள்ளைக்கு அந்நியமானது. சங்கர்லாலோ எழுத்துத் தமிழிலேயே பேசினார். பாடப்புத்தகத்தில் படித்த தமிழால் கொலையையும் களவையும் துலக்கலாம் என்பது பிள்ளைகளுக்குப் புதுமையாக இருந்தது.

குறைகளும் உண்டு. சங்கர்லால் தோற்பதில்லை, பாத்திரங்கள் வளர்வதுமில்லை. தமிழக வணிகச் சஞ்சிகைகள் எமது எழுத்தை நசுக்குகின்றன என்று இங்குள்ள முற்போக்கு எழுத்தாளர்கள் வாதிட்டனர். 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் வெளியீடுகள் பெருகின. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் அவ்வெளியீடுகளை வாங்கிய கைகளிற் பல, முன்பு ‘கல்கண்டு’ புரட்டிய கைகளே. பிற்காலத்தில், தமிழ்வாணன் நிறுவிய மணிமேகலைப் பிரசுரமே ஈழத்து எழுத்தாளர் பலரின் நூல்களை வெளியிட்டது. மணிமேகலை வந்திறங்கிய மணிபல்லவம் எங்கள் நயினாதீவே என்று கருதுவோர் பலர். அந்தப் பெயர்ப் பொருத்தம் மகிழ்ச்சி தருகிறது.

துப்பறிதல் எமது மரபுக்குப் புறம்பானதுமன்று. பாண்டியன் விசாரியாமல் தீர்ப்பளித்தான். கண்ணகி சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பிலே முத்து, அவளது சிலம்பிலே மாணிக்கம். சான்றை முன்வைத்து அரசனின் தவறை நிறுவிய காட்சி அது. ‘இதற்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்கப் பழகிய பிள்ளைக்கு அந்த இடம் எளிதில் விளங்கும்.

1990, 1991 இடப்பெயர்வுகளில் தீவகத்து வீடுகளோடு புத்தகங்களும் அழிந்தன. இன்று ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் வாசிகசாலைகளுக்கு நூல் சேர்ப்போரிடம் ஒரு வேண்டுகோள்: சங்கர்லாலுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். அவருக்குப் பக்கத்திலேயே சிலப்பதிகாரத்தையும் வையுங்கள். பிள்ளையின் கை ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லட்டும்.