மாறும் முகவரியும் மாறாப் பெயரும்

வீட்டை விட்டுத் தொலைதூரம் சென்ற ஒருவர், தம் இல்லத்துக் கணினியிலுள்ள ஏடொன்றைச் சென்றவிடத்திலிருந்தே எடுத்தல் கூடுமோ என்னும் வினா இக்காலத்தில் அடிக்கடி எழுவதாகும். கூடும் என்பதே விடை. எனினும் அதற்குத் தடையாய் நிற்பது தொலைவன்று, முகவரியின் நிலையாமையே.

இணையத்திற் சேர்ந்த ஒவ்வொரு கருவியும் ஓர் எண்முகவரியால் அறியப்படும். 1981 இல் வரையறுக்கப்பெற்ற நான்காம் பதிப்பு நெறிமுறை, இம்முகவரிக்கு 32 இரும எண்களையே ஒதுக்கியது. ஆதலின் அமையத்தக்க முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த தொகுதிகளும் 2011 பெப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. எண்கள் அரியவாகவே, இணையச் சேவையாளர் பலர் இல்லங்களுக்கு நிலையான முகவரி அளியாது, தம்மிடமுள்ளவற்றைச் சில காலத்துக்கு இரவலாகவே வழங்குவர். இரவற்காலம் முடிந்தபோதோ, இணைப்பு அறுந்து மீண்டபோதோ வேறோர் எண் வந்து சேர்தல் கூடும். நேற்றுக் குறித்துவைத்த எண்ணை நாடுபவர் இன்று அயலார் வாயிலில் நிற்க நேரும்.

இவ்விடரை நீக்குவது பெயர். பெயரைக் கூறின் அதற்குரிய எண்ணை எடுத்துரைக்கும் ஆட்களப் பெயர் முறைமையை 1983 இல் போல் மொக்காபெற்றிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தார். அதன் பதிவேட்டைக் கணினிகளே உடனுக்குடன் திருத்துதற்குரிய நெறி 1997 இல் வெளியாயிற்று. இத்தகைய திருத்தத்தை இல்லங்களுக்கும் பயன்படச் செய்வதே இயங்குநிலைப் பெயர்ச் சேவை.

இதன் செயற்பாடு, அடிக்கடி வாடகை வீடு மாறுபவர் தம் புதிய முகவரியை அஞ்சலகத்துக்கு அறிவித்துவைத்தலை ஒக்கும். வீட்டுக் கணினியிலோ ரவுட்டரிலோ இயங்கும் சிறு செயலி, தன் புறமுகவரியை இடையிடையே நோக்கும். மாற்றங் காணின் பதிவகத்துக்கு அறிவிக்கும். பதிவகம் பழைய எண்ணை நீக்கிப் புதியதைப் பொறிக்கும். பிற கணினிகள் பழைய விடையை நெடுநேரம் நினைவில் வைத்திராவண்ணம், அவ்விடையின் ஆயுள் சில நிமிடங்களென வரையறுக்கப்படும். வெளியூரிலிருப்பவர் பெயரொன்றை மட்டும் அறிந்திருத்தல் போதும்.

ஆயினும் முகவரி அறிதல் வேறு. வாயில் திறத்தல் வேறு. வீட்டிலுள்ள பல கருவிகளும் ஒரே புறமுகவரியைப் பகிர்வதால், வெளியிலிருந்து வரும் அழைப்பு எதற்குரியது என ரவுட்டர் தானே அறியாது. இன்ன வாயிலெண்ணுக்கு வருவதை இன்ன கணினிக்குச் செலுத்துக என முன்னரே பணித்தல் வேண்டும். சில சேவையாளரோ ஒரே பொதுமுகவரியைப் பல இல்லங்களுக்கு ஒருங்கே பகிர்வர். ரவுட்டர் காட்டும் புறமுகவரி 100.64 முதல் 100.127 வரையான தொடக்கத்தை உடையதாயின், அந்நிலையே எனக் கொள்ளலாம். அவ்விடத்துப் பெயர்ச்சேவை மட்டும் பயன்தராது. வீட்டுக் கணினி தானே வெளியேயுள்ள ஓர் இடைநிலைக் கணினியை அழைத்து, அத்தொடர்பைப் பேணி நிற்றல் வேண்டும்.

உரியவர்க்குத் திறந்த வாயில் கள்வர்க்கும் தெரியும். இணையத்தை ஓயாது துழாவும் செயலிகள், காவலற்ற கணினிகளைத் தேடிய வண்ணமே உள்ளன. பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பிற் கடவுச்சொற்கள் களவாடப்பட்டமையே, 1995 இல் தாத்து யுலோனென் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறித் தொடர்புமுறையை ஆக்கக் காரணமாயிற்று. ஆகவே மறைகுறியிட்ட வழியையே கைக்கொள்ளலும், கடவுச்சொல்லை விடுத்துத் திறவுகோற் கோப்பாற் புகுதலும், செயலிகளைக் காலந்தவறாது புதுப்பித்தலும் இன்றியமையாதன. பெயர் வழிகாட்டுமேயன்றிக் காவல் செய்யாது. காவலை அமைத்த பின்னரே வாயிலைத் திறத்தல் அறிவுடைமையாகும்.