சாதாரண தரத்தில் தவறியோர்க்கு உள்ள வழிகள்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவருங்கால் "தவறிவிட்டான்" என்னும் ஒரு சொல்லாற் பல்வேறு நிலையினரையும் ஒருங்கு சுட்டிவிடுகின்றோம். உயர்தர வகுப்பிற் சேர்வதற்கு ஆறு பாடங்களிற் சித்தியும், அவற்றுள் மூன்றிலே திறமைச் சித்தியும் வேண்டுமென்பது பொது விதி. ஐந்து பாடங்களிற் சித்தியெய்தியவனும் இரண்டிலே சித்தியெய்தியவனும் அவ்வாயிலில் ஒருங்கே தடுக்கப்படுகின்றனர். ஆயினும் அவ்விருவர்க்கும் ஒரே வழியைக் காட்டுதல் பொருந்தாது.

ஒன்றிரண்டு பாடங்களாற் பின்தங்கியவன் அப்பாடங்களுக்கு மட்டும் மீண்டும் தோற்றலாம். முன்னர்ப் பெற்ற சித்திகள் அழிந்துபோவதில்லை. கணிதத்தில் தவறியவன் அதனைக் கைவிடாதிருத்தல் நன்று. பிற்காலத்திற் பல பதவிகளுக்கு அச்சித்தி வேண்டப்படும். ஆனால் அடிப்படையே உறுதியாகாத ஒருவனை மூன்றாம் முறையும் நான்காம் முறையும் தனியார் வகுப்புகளுக்கு அனுப்புதல் அவனுடைய ஆண்டுகளை வீணாக்குவதாகும். பெற்றோர் பலர் இதனை விடாமுயற்சி என்கின்றனர். அயலாரின் கேள்விக்கு விடையளிக்க அஞ்சுதலே பெரும்பாலும் அதன் காரணம்.

பெறுபேறு எவ்வாறாயினும் பாடசாலையிலேயே தொடர்ந்து பயில்வதற்கு, 2017 ஆம் ஆண்டு தொடங்கிய பதின்மூன்று ஆண்டுக் கல்வித் திட்டம் இடமளித்தது. அத்திட்டத்தின் தொழிற்பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லாமையால், அயலிலுள்ள எப்பாடசாலையில் உண்டென்று வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரித்தறிதல் வேண்டும்.

பாடசாலைக்கு வெளியே உள்ள வழி இதனினும் அகலமானது. நம்மவர் குறைவாக அறிந்ததும் அதுவே. தொழில்நுட்பக் கல்லூரிகள், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஆகியன மின்னியல், வாகனத் திருத்தம், கட்டட நிர்மாணம், உணவுத் தொழில்நுட்பம் முதலிய துறைகளிற் பயிற்சி அளிக்கின்றன. சேர்வதற்குரிய தகைமை நெறிக்கு நெறி வேறுபடும். சாதாரண தரச் சித்தி வேண்டாத நெறிகளும் உள. தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களை உடையது. முதல் நான்கும் தொழிற் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். அப்பட்டத்தை வழங்கவென 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரத்மலானையில் நிறுவப்பட்டது. எனவே, பட்டறையிற் புகுந்தவனுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டுவிட்டது என்பார் கூற்று உண்மையன்று. தந்தையாரிடமோ மேசனிடமோ கைப்பழக்கமாகத் தொழில் கற்றவனும், தன் திறமையைச் செய்து காட்டி மதிப்பீடு பெற்று அச்சான்றிதழை அடையலாம்.

பெண்பிள்ளைகளின் நிலை தனியே நோக்கற்பாலது. தவறிய மகனுக்கு ஏதேனுமொரு தொழில் தேடும் வீட்டார், தவறிய மகளைச் சமையலறையோடு நிறுத்திவிடுகின்றனர். மேற்கூறிய பயிற்சிகள் அவளுக்கும் உரியன.

கட்டாயக் கல்வி 2016 இலிருந்து பதினாறு வயதுவரை நீட்டப்பட்டது. பெரும்பாலார் இப்பரீட்சை எழுதும் வயதும் அதுவே. சட்டம் கைவிடும் வேளையிலேயே பெறுபேறும் கைவிடுமாயின், அப்பிள்ளையைப் பற்றிக்கொள்வதற்கு எஞ்சியிருப்போர் வீட்டாரும் ஆசிரியருமே. பெறுபேறு வந்த வாரத்திற் சித்தியெய்தியோர் தாமே பாடசாலைக்கு வந்து வணங்கிச் செல்வர். தவறியோர் வாரார், வகுப்பாசிரியரே பயிற்சி விண்ணப்பப் படிவத்துடன் அவர்தம் வீடு நோக்கிச் செல்லவேண்டியிருக்கும்.