பச்சை பிடித்த போர்ட்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலோரத் தண்டவாளத்துக்கும் நடுவே குடியிருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி துருப்பிடிப்பது பழகிப்போன விஷயம். அதே காற்று ரேடியோவுக்குள்ளும் புகுந்து வேலை பார்க்கிறது என்பது, அது கரகரக்கத் தொடங்கும்போதுதான் தெரியவரும். மூடியைக் கழற்றி சர்க்கிட் போர்ட்டைத் திருப்பிப் பாருங்கள். மின்ன வேண்டிய ஈயப் பொட்டுகளின் ஓரத்தில் பாசி போலப் பச்சை படிந்திருக்கும். துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான்.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே உலர்ந்து உப்புத் துகளாகி வீட்டுக்குள் வருகின்றன. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். கொழும்பின் இரவுகளில் அந்த எல்லையைத் தாண்டுவது சர்வசாதாரணம். ஒரு சொட்டுத் தண்ணீரும் படாத போர்ட்டின் மேல் உப்புநீர்ப் படலம் உண்டாவது இப்படித்தான். அதிலுள்ள குளோரைட்டு செம்பை அரித்துப் பச்சையாக்குகிறது. மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. நேர்முனைத் தடத்தின் உலோகம் அயனாகக் கரைந்து, எதிர்முனையில் திரும்ப உலோகமாகப் படிந்து, மயிரிழைக் கிளைகளாக வளரும். கிளை மறுதடத்தைத் தொட்டால் ஷோர்ட். தினமும் ஓடும் செட் தன் சூட்டில் ஓரளவு உலர்ந்திருக்கும். பத்திரமாக அலுமாரியில் பூட்டி வைத்ததற்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

பொழுதுபோக்காகப் பழுதுபார்க்க உட்காரும் புதியவர்கள், பச்சையின் மேலேயே சூடான சோல்டரிங் அயனை வைத்துப் புது ஈயத்தை உருக்குவார்கள். ஈயம் ஒட்டாமல் உருண்டு நிற்கும். பற்றாசை, அதாவது இந்த ஈயத்தை, பசை என்று நினைப்பதால் வரும் வினை இது. உருகிய வெள்ளீயம் போர்ட்டின் செம்போடு சேர்ந்து, 6 செம்பு அணுவுக்கு 5 வெள்ளீய அணு என்ற கணக்கில் ஒரு சேர்மப் படலத்தை உண்டாக்குகிறது. தடிப்பு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இணைப்பைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் படலமே. இடையில் ஒட்சைட்டு இருந்தால் அது உருவாகாது. ஒட்சைட்டை அகற்றத்தான் பிளக்ஸ். பிளக்ஸாகப் பயன்படும், பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் ரோசின், குளிர்ந்திருக்கையில் சும்மா கிடக்கும். சூட்டில் உருகியதும் அதிலுள்ள அபியற்றிக் அமிலம் வேலையைத் தொடங்கும். மெல்லிய ஒட்சைட்டுக்கு அது தாராளம். தடித்த பச்சையிடம் அதன் பருப்பு வேகாது.

ஆகவே முதலில் கழுவ வேண்டும். இங்கேதான் பலரும் ஐசோபுரொப்பைல் அற்ககோல் போத்தலை எடுப்பார்கள். அது ரோசின் கறையைக் கரைக்கும், உப்பை அநேகமாகத் தொடாது. உப்புக்குத் தண்ணீர்தான் மருந்து, அதுவும் காய்ச்சி வடித்த நீர். பழைய பல்துலக்கும் தூரிகையால் அதில் தேய்த்துக் கழுவி, மிஞ்சிய ஈரத்தை அற்ககோலால் போக்கி, மின்விசிறியின் கீழ் நன்றாக உலரவிட வேண்டும். பிறகு பிளேட்டின் நுனியால் சுரண்டினால், பச்சைக்கும் கறுப்புக்கும் அடியிலிருந்து ரோஜா நிறத்தில் செம்பு வெளிப்படும். அந்த நிறத்தைக் காணும்வரை அயனுக்கு வேலை இல்லை.

பழைய செட்டுகளில் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு பரவிய வெள்ளீயம்-வெள்ளி-செம்புக் கலவைக்கு 217 பாகையாவது வேண்டும். உருகவில்லையே என்று அயனை அழுத்திப் பிடித்தால் செம்பு வட்டம் போர்ட்டை விட்டு உரிந்து வந்துவிடும்; மலிவான பழுப்புப் போர்ட்டில் இன்னும் சீக்கிரமாக. நுனியை 350 பாகையளவில் வைத்து, செம்பையும் பாகத்தின் காலையும் ஒருசேரச் சூடாக்கி, ஈயக் கம்பியை அயனில் அல்லாமல் அவை சந்திக்கும் இடத்தில் தொட வேண்டும். இரண்டு மூன்று விநாடி போதும். அப்போது எழும் புகை ரோசினுடையது; இளைப்புக்காரருக்கு ஆகாது. ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் கைவழியாக, கழுவாமல் சாப்பிடுகிறபோது.

உதிரிப்பாகம் தேடி முன்பெல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் போதும். 2022இல் இறக்குமதிக்கு டொலர் இல்லாமல், 13 மணிநேர மின்வெட்டும் வந்தபோது, செத்த போர்ட்டிலிருந்து கழற்றிய பாகத்துக்கும் மதிப்பு வந்தது. இப்படிக் கழற்றிப் பயன்படுத்துவது கொழும்புக்குப் புதிதுமல்ல. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர் 1923இல் இங்கே வானொலிப் பரிசோதனையைத் தொடங்கியதே, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டுதான். 

செத்த போர்ட்டிலிருந்து டிரான்சிஸ்டர், டிரான்ஸ்போமர், வெப்பத் தட்டு ஆகியவற்றைத் தாராளமாகக் கழற்றலாம். மின்பகுபொருள் கப்பாசிட்டரை விட்டுவிடுங்கள். உள்ளே உள்ள திரவம் உலர்ந்திருக்கும், புதியதன் விலையும் அதிகமில்லை. வீட்டு மின்சாரத்தை நேரே ஏற்கும் மின்வழங்கியில் உள்ள பெரிய கப்பாசிட்டரில் இன்னும் கவனம் தேவை. நம் 230 வோல்ட் அதற்குள் ஏறக்குறைய 325 வோல்ட்டாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். மல்டிமீட்டரால் அளந்து, தடையியொன்றின் வழியே இறக்கி, மறுபடி அளந்த பின்பே அயனைச் சூடாக்கலாம்.